இரண்டாவதாக வந்தவர்

நம் திருச்சிக்கு அருகிலுள்ள முடிகண்டம் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர் கோமதி மாரிமுத்து. 2019 ஏப்ரல் 22 அன்று தோகாவில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில், 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 2.70 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார். சிறுமியாயிருந்த நான் அவர் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டேன்.

மறு மாதமே செய்தி மாறிற்று. அவரது சிறுநீரில் நான்ட்ரோலோன் என்னும் ஊக்கமருந்தின் அடையாளம் இருந்ததாம். இது ஆண் ஹார்மோனைப் போல வேலை செய்து தசையை வளர்க்கும். மாதிரியை ‘ஏ’, ‘பி’ என இரு புட்டிகளில் முத்திரையிட்டு வைப்பார்கள். இரண்டாவதிலும் அதே முடிவு வந்தது. 2020இல் தங்கம் பறிபோயிற்று. நான்கு ஆண்டுத் தடை வேறு.

தடை செய்யப்பட்ட எதையும் தாம் உட்கொண்டதில்லை என்றார் கோமதி. ஆனால், தோழியரே, விதி மனத்தைக் கேட்பதில்லை. உடலில் இருப்பதற்கு உடலுக்குரியவரே பொறுப்பு. தெரியாமல் நேர்ந்ததென்று மெய்ப்பித்தால் தடைக்காலம் குறையலாம்; பதக்கம் தங்காது.

இது அநியாயம் என்று வீட்டில் வாதாடினேன். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அது சரி, இரண்டாவதாக வந்த பெண் யாரம்மா?”

எனக்குத் தெரியவில்லை. பிறகு தேடிப் பார்த்தேன். சீனாவின் வாங் சுன்யு, 0.26 வினாடி பின்தங்கியவர். தங்கம் பின்னர் அவருக்கே சேர்ந்தது. ஆனால் அன்று மேடையின் உயர்ந்த படியில் நின்றவர் அவரல்லர். ஒலித்ததும் அவர் நாட்டுப்பண் அன்று. அதை யார் திருப்பித் தருவது?

கோமதியின் படத்தை நான் கிழிக்கவில்லை. அதன் கீழே வாங் சுன்யுவின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.