சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம்

துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு மிதவை, வலப்பக்கம் பச்சை மிதவை. இரண்டுக்கும் நடுவில்தான் ஆழம். இந்தியக் கடல் முழுவதற்கும் இதுவே விதி. தரையில் சிவப்பைக் கண்டால் நிற்க வேண்டும். கடலில் இந்தச் சிவப்பு யாரையும் நிற்கச் சொல்வதில்லை. வழி இந்த விளிம்போடு முடிகிறது என்பதே அதன் செய்தி. உள்ளே வரும்போது இடக்கைப் பக்கம் இருந்த சிவப்பு, வெளியே போகும்போது வலக்கைப் பக்கம் வந்துவிடும். ஆகவே நிறத்துக்கு முன்னால் மனத்தில் பதிய வேண்டியது திசை.

விஸ்வநத்தம், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துக்குப் பக்கத்துத் துறைமுகம் தூத்துக்குடி. இந்தப் பகுதியின் தீப்பெட்டிகள் அங்கேதான் கப்பல் ஏறுகின்றன. 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடியில், கல்லைக் கொட்டிக் கட்டிய இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீள்கின்றன. சுவர்களுக்கு இடையே 1,275 மீட்டர் இருந்தாலும், கப்பல் போகத் தோண்டிய வழி அதைவிட மிகக் குறுகலானது. கிழக்கேயிருந்து வரும் கப்பலுக்கு விதிப்படி தெற்குச் சுவர்ப் பக்கம் சிவப்பு, வடக்குச் சுவர்ப் பக்கம் பச்சை.

காலையில் அங்கிருந்து கிழக்கே கிளம்பும் படகுக்குச் சூரியன் நேர் எதிரே நிற்கும். மிதவையின் சாயம் தெரியாது. கறுப்பு உருவம்தான் தெரியும். வடிவம் கைகொடுப்பது அப்போதுதான். சிவப்பு மிதவையின் தலை தட்டையான உருளை; பச்சையின் தலை கூர்மையான கூம்பு. பறவை எச்சமும் துருவும் நிறத்தை மூடினாலும் வடிவம் மாறாது. இரவில் அதே நிற விளக்கு மின்னும். ஒவ்வொரு விளக்குக்கும் தனித் தாளம் உண்டு. அதைக் கடிகாரம் வைத்து எண்ணி, கடல் வரைபடத்தில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டால் இன்ன மிதவை என்று உறுதியாகும்.

இந்த ஒழுங்கு உயிர்களைப் பலி கொடுத்துப் பெற்றது. முன்பு உலகில் 30-க்கும் மேற்பட்ட மிதவை முறைகள் இருந்தன. ஒன்றுக்கொன்று முரணானவையும் அவற்றில் உண்டு. 1971 ஜனவரி 11 அன்று இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள டோவர் நீரிணையில் டெக்சாகோ கரீபியன் என்ற எண்ணெய்க் கப்பல் மோதலில் மூழ்கியது. மறுநாள் அதன் இடிபாட்டில் பிராண்டன்பர்க் என்ற கப்பல் மோதி மூழ்கியது. இடிபாட்டைச் சுற்றி அடையாளம் வைத்த பிறகும், பிப்ரவரி 27 அன்று நிகி என்ற மூன்றாவது கப்பல் அங்கேயே மூழ்கியது. ஏறத்தாழ 50 மாலுமிகள் இறந்தார்கள். குறி இருந்தால் மட்டும் போதாது, பார்ப்பவர் எல்லோருக்கும் அது ஒரே பொருள் தர வேண்டும் என்பதை உலகம் அப்போது உணர்ந்தது. 1980-ல் டோக்கியோவில் ஒரே முறைக்கு நாடுகள் உடன்பட்டன. ஒரு பிளவு மட்டும் மிஞ்சியது: அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், தென் கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் சிவப்பு வலப்பக்கம். கப்பல் வேலைக்குப் போகும் தமிழ் இளைஞர்கள் இதை மறக்கக் கூடாது.

மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறை போன்ற இடங்களுக்கு இடம், வலம் உதவாது. எந்தத் திசையிலிருந்தும் படகு வரலாம். அங்கே பொருந்துவது கறுப்பும் மஞ்சளுமான திசைக்குறி மிதவை. உச்சியில் இரண்டு கறுப்புக் கூம்புகள். இரண்டும் மேல்நோக்கினால் வடக்கு மிதவை. அதற்கு வடக்கே போனால் ஆபத்தில்லை. இரண்டும் கீழ்நோக்கினால் தெற்கு. அடியோடு அடி ஒட்டி நின்றால் கிழக்கு, முனையோடு முனை சேர்ந்தால் மேற்கு. இரவில் கடிகார முகத்தை நினைத்துக்கொண்டால் போதும்: கிழக்குக்கு 3 மின்னல், தெற்குக்கு 6 மின்னலோடு ஒரு நீண்ட ஒளி, மேற்குக்கு 9. வடக்கு நிற்காமல் மின்னும்.

தனிப் பாறையின் மேலேயே நிற்கும் குறி கறுப்பு, நடுவில் சிவப்புப் பட்டை, உச்சியில் இரண்டு கறுப்பு உருண்டை. சிவப்பு வெள்ளை நெடுங்கோடுகள் போட்ட மிதவையைச் சுற்றிலும் நல்ல ஆழம்; துறைமுக வழியின் தொடக்கத்தில் பெரும்பாலும் இதுவே நிற்கும். முழு மஞ்சள் மிதவை குழாய், ஆய்வுக்கருவி போன்றவற்றுக்கு. நீலமும் மஞ்சளுமாக நெடுங்கோடு போட்டது புதிதாக மூழ்கிய கப்பலுக்கு. 2002 டிசம்பரில் ட்ரைகலர் என்ற கார் ஏற்றிய கப்பல் மூழ்கி, அதன்மேல் வேறு கப்பல்களும் மோதிய பிறகு வந்த ஏற்பாடு இது.

விஸ்வநத்தத்துப் பட்டாசுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த, ஸ்ட்ரான்சியம் உப்பு எரிந்து தரும் சிவப்பு ஒளிக்கும் கடலில் இடமுண்டு. ஆனால் அதன் பொருள் வேறு. கப்பலிலிருந்தோ படகிலிருந்தோ வானில் எழும் சிவப்புச் சுடர் உதவி கேட்கும் அபாய அழைப்பு. மிதவையின் சிவப்பு விளக்கு ஒரே இடத்தில், ஒரே தாளத்தில் மின்னும். அபாயச் சுடர் மின்னாமல் எரிந்து, சிறிது நேரத்தில் அணைந்துவிடும். அதைக் கண்டவர் உடனே கடலோரக் காவல்படைக்கு 1554 எண்ணில் சொல்ல வேண்டும்.

மிதவையை முழுதாக நம்பவும் கூடாது. அது சங்கிலியின் நீளத்துக்குச் சுற்றி அலையும். புயலில் நங்கூரம் இழுபட்டு நகரும், அறுந்து கரை ஒதுங்கவும் செய்யும். வலையையோ படகையோ அதில் கட்டினாலும் இடம் மாறிவிடும். விளக்கின் பேட்டரியையும் சூரியத் தகட்டையும் கழற்றி எடுப்பது அடுத்து வரும் படகின் கண்ணைக் கட்டுவதற்குச் சமம். 1927-ன் கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ன் கடல்வழித் துணைச் சாதனங்கள் சட்டப்படி இவற்றைச் சேதப்படுத்துவது குற்றம். இடம் மாறிய மிதவையைப் பார்க்கும் மீனவர் துறைமுகத்துக்கோ கடலோரக் காவல்படைக்கோ தெரிவித்தால், பின்னால் வரும் கப்பல்களுக்கு வானொலியில் எச்சரிக்கை போகும்.