கல்லூரியில் கணினிக் கல்வி

சேலம், நாமக்கல் சமவெளியில் உழவும் நெசவும் தொன்றுதொட்டு நடந்து வருகின்றன. சேகோ ஆலைகளும், கோழிப்பண்ணைகளும், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் பின்னர்ப் பெருகின. இத்தொழில்களால் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுள் பலர், தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்றவர் ஆவர். 1997-ஆம் ஆண்டில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. உயர்கல்வி அவர்க்கு இன்னும் அணித்தாயிற்று.

2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. ஆயினும் கருவியைப் பெறுதல் வேறு. அதனை ஆளுதல் வேறு. தொலைபேசியில் படம் பார்க்கத் தெரிந்தவனைக் கணினி கற்றவன் என்று கொள்வது பொருந்தாது. தமிழ்வழியில் பயின்று வந்த மாணவன் கணினிமுன் அமர்ந்ததும் அஞ்சுவது பெரும்பாலும் ஆங்கிலத்திற்கே. ஆகவே, தமிழில் தட்டெழுதப் பழக்குவதே நல்ல தொடக்கமாகும்.

நம் மொழியில் எழுத்துகள் 247 ஆயிற்றே, அத்தனைக்கும் விசைகள் ஏது? 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகை இதற்கு விடை கூறுகின்றது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 விசைகளே போதும். உயிர்கள் இடப்பக்கத்தில் உள்ளன. மெய்களுள் பெரும்பாலானவை வலப்பக்கத்தில் உள்ளன. மகரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் ‘மா’ தோன்றும். ‘அம்மா’ என எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகள் போதும். நடுவிலுள்ள புள்ளியைக் கணினியே இட்டுக்கொள்ளும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் என்று தொடக்கப் பள்ளியில் கற்ற இலக்கணமே இங்குத் தொழிற்படுகின்றது!

அடுத்துக் கற்பிக்கத்தக்கது விரிதாள். அதற்கும் எடுத்துக்காட்டு அருகிலேயே உள்ளது. ஒரு பண்ணையில் ஆயிரம் கோழிகளுக்கு நாளொன்றுக்கு 110 கிலோ தீவனம் வேண்டும் எனக் கொள்வோம். கிலோவுக்கு ஒரு ரூபாய் விலை ஏறினால், 30 நாளில் 3,300 ரூபாய் மிகுதியாகச் செலவாகும். விலைக் கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினால், கணக்கு முழுவதும் நொடியில் மாறிவிடும். ஆனால் 110 என்பதை 1,100 எனத் தவறித் தட்டினாலோ, 33,000 ரூபாய் என்று கணினி சிறிதும் தயங்காது காட்டும். கோழி ஒன்று ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் தின்னுமா என்று அதற்குக் கேட்கத் தெரியாது. பண்ணை வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும்.