சினை பிடிக்காத மாடா? தீவனத் தொட்டியைப் பாருங்கள்!

"மூணு தடவை ஊசி போட்டாச்சுங்க சார், சினை நிக்கல. சந்தைக்கு ஓட்டிரலாமான்னு பார்க்கிறோம்."

ஸ்ரீரங்கத்தை அடுத்த கொள்ளிடக் கரையில் ஓர் அம்மா என்னிடம் சொன்னது இது. கன்று ஈன்று எட்டு மாதமான ஜெர்சி கலப்பினப் பசு. விலா எலும்பை எண்ணிவிடலாம். தொட்டியில் வைக்கோலும் வாழைத்தண்டும்; கறக்கும்போது கொஞ்சம் தவிடு. அவ்வளவுதான்.

கால்நடை மருத்துவர் சோதித்தார். கருப்பையில் கோளாறு இல்லை; தீவனத்தில்தான் குறை என்றார்.

நான் மாட்டு டாக்டர் இல்லை, வேளாண் அலுவலர். ஆனால் மண்ணில் இல்லாத சத்து வைக்கோலில் இருக்காது, வைக்கோலில் இல்லாதது மாட்டுக்குக் கிடைக்காது என்பது தெரியும். நெல் வைக்கோலில் மணிச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வாழைத்தண்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கன்று ஈன்ற மாடு, தன் உடம்பைக் கரைத்துத்தான் பால் தருகிறது. உடம்பு தேறினால்தான் சினைப்பை சரியாக வேலை செய்யும்.

நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போடுகிறோம். மாட்டுக்கு 40 கிராம் தாது உப்பு வைக்க மறந்துவிடுகிறோம்!

என்ன செய்யலாம்?

* உடல் பராமரிப்புக்கு 1.5 முதல் 2 கிலோ அடர்தீவனம். அதற்கு மேல் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. புதுத் தீவனத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள்.
* தினமும் 15 முதல் 20 கிலோ பசுந்தீவனம். வரப்பில் கம்பு நேப்பியர், வேலியில் அகத்தி, வேலிமசால் வைக்கலாம்.
* தாது உப்புக் கலவை தினமும் 30 முதல் 50 கிராம், அடர்தீவனத்தோடு கலந்து.
* சினையின் கடைசி 2 மாதம் கறவையை வற்றவிட்டு, கூடுதலாக 1 கிலோ அடர்தீவனம்.
* மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு நீக்கம்.

பருவ அறிகுறி 21 நாளுக்கு ஒருமுறை வரும். சில மாடு கத்தாது. கண்ணாடி போன்ற வழும்பு மட்டும் தெரியும். அதிகாலையிலும் இரவிலும் பாருங்கள். காலையில் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

தாது உப்புக் கலவை பற்றிக் கேட்க, திருச்சியில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தையும், சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

அந்த அம்மா மாட்டை விற்கவில்லை. மூன்று மாதத்தில் உடம்பு தேறியது. அடுத்த ஊசியில் சினையும் நின்றது. எல்லா மாட்டுக்கும் இதே பலன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும், சந்தைக்கு ஓட்டும் முன் தொட்டியை ஒரு தடவை பாருங்கள்.