கப்பல் சுற்றுலா போறீங்களா? டிக்கெட் போடும் முன் துறைமுகத்தைக் கவனிங்க!

திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் என் அத்தை, ஓய்வுபெற்ற ஆசிரியை. ரிட்டயர்மென்ட் பணத்தில் கொஞ்சம் எடுத்து, மாமாவுடன் சிங்கப்பூரிலிருந்து கப்பல் சுற்றுலா போனார். நீச்சல் குளமோ, நடன நிகழ்ச்சியோ அவருக்கு முக்கியமில்லை. பயணத் திட்டத்தில் 'கோலாலம்பூர்' என்று இருந்தது. மூட்டுவலி முற்றுவதற்குள் பத்துமலை ஏறி முருகனைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு.

ஆனால், கப்பல் நின்றது கிள்ளான் துறைமுகத்தில். அங்கிருந்து கோலாலம்பூருக்கே சுமார் 40 கிலோமீட்டர். பத்துமலை, நகரத்தையும் தாண்டி வடக்கே இருக்கிறது. இறங்கும் வரிசை, டிராஃபிக் எல்லாம் போக, அங்கே கிடைத்தது 20 நிமிடம். 272 படிகளை அந்த நேரத்தில் அவரால் ஏறி இறங்க முடியுமா? "140 அடி முருகனைக் கீழேருந்தே கும்பிட்டுட்டு வந்துட்டேன். கல்லணைக்குப் போயும் தண்ணியப் பாக்காம திரும்பின மாதிரி இருந்துச்சு" என்றார்.

இந்த ஏமாற்றம் உங்களுக்கு வராமல் இருக்க, பணம் கட்டும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

துறைமுகத்தின் பெயர் என்ன?

விளம்பரத்தில் ஊர் பெயர் இருக்கும். கப்பல் நிற்பது வேறு ஊராக இருக்கலாம். 'ரோம்' என்றால் சிவிட்டாவெக்கியா. ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 'பாங்காக்' என்றால் பெரும்பாலும் லாம் சாபாங். 100 கிலோமீட்டருக்கு மேல். துறைமுகத்தின் பெயரைக் கேட்டு வாங்கி, மேப்பில் தூரத்தைப் பாருங்கள்.

கையில் கிடைக்கும் நேரம் எவ்வளவு?

'காலை 8 முதல் மாலை 5 வரை' என்பது கப்பல் நிற்கும் நேரம், உங்கள் நேரம் அல்ல. இறங்கவே ஒரு மணி நேரம் ஆகலாம். கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே ஏறிவிட வேண்டும். மீதியில் போக்குவரத்தைக் கழித்தால் வருவதுதான் உங்கள் நேரம். தனியாக டாக்ஸி பிடித்துப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கப்பல் நிறுவனமே அழைத்துப்போகும் சுற்றுலா என்றால் பொதுவாகக் காத்திருப்பார்கள்.

கரையில் நிற்குமா, கடலில் நிற்குமா?

புக்கெட் போன்ற இடங்களில் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்குவதுண்டு. ஏறி இறங்க வரிசை நீளும். அலை அதிகமானால் இறங்குவதே ரத்தாகலாம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முதலில் கேளுங்கள்.

நிறுத்தம் ரத்தானால் பணம் வருமா?

நம்ம ஊரிலேயே உதாரணம் உண்டு. 2022 ஜூன் 4-ம் தேதி சென்னையில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த கார்டிலியா சொகுசுக் கப்பல் பயணத்தில் விசாகப்பட்டினமும் புதுச்சேரியும் இருந்தன. கப்பலில் சூதாட்டம் இருப்பதாக எதிர்ப்பு கிளம்ப, புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. கப்பல் ஊர் அருகே வந்தும் பயணிகளால் இறங்க முடியவில்லை. எந்த நிறுத்தத்தையும் மாற்றும் உரிமையைப் பல கப்பல் நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. பெரும்பாலும் துறைமுகக் கட்டணம் மட்டும்தான் திரும்ப வரும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடலும் ஓய்வும்தான் வேண்டும் என்றால் கப்பல் நல்ல தேர்வு. ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பார்ப்பதுதான் ஆசை என்றால், நேராக அந்த ஊருக்கே போங்கள். அத்தை இப்போது திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமான டிக்கெட் விசாரித்துக்கொண்டிருக்கிறார். படி ஏறுவதற்கென்றே ஒரு முழு நாளை ஒதுக்கியிருக்கிறாராம்.