90.4: பக்கத்து தெருவுக்கு மட்டும் கேட்கும் ரேடியோ!

மாணவ-மாணவிகள் மைக் பிடிக்கும் அண்ணா எப்.எம். கதை

வேப்பம்பட்டு ரெயில் நிலையத்தில் நின்றுகொண்டு ரேடியோவை 90.4-ல் வைத்துப் பாருங்கள். கிண்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக ரேடியோ கேட்காது. பெட்டியில் கோளாறு இல்லை. பேட்டரியும் தீர்ந்துவிடவில்லை. இவ்வளவு தூரம் எட்டுகிற சக்தியோடு அது ஒலிபரப்பக்கூடாது என்பது சட்டம்!

காலையில் மின்சார ரெயில் பிடித்து சென்டிரலில் இறங்கி, அங்கிருந்து கிண்டி, கோட்டூர்புரம் பக்கம் வேலைக்கு போகிறவர்கள் ஏராளம். அங்கே போய் அதே எண்ணை வைத்தால் பேச்சு கேட்கும். பேசுகிறவர்கள் சினிமா நட்சத்திரங்கள் கிடையாது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், அக்கம்பக்கத்து குடியிருப்பு பெண்கள், பாடம் நடத்தும் பேராசிரியர்கள்.

இந்தியாவில் முதல்முதலாக ஒரு கல்வி வளாகத்தில் தொடங்கப்பட்ட சமுதாய ரேடியோ இதுதான். பெயர் 'அண்ணா எப்.எம்.' வயது 20-ஐ தாண்டிவிட்டது. இதற்கு பிறகு நாடு முழுவதும் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. ஆனால் இப்படி ஒரு ரேடியோ இருப்பதே நம்மில் பல பேருக்கு தெரியாது.

கிரிக்கெட் சண்டையில் பிறந்தது

கல்லூரி பிள்ளைகள் கைக்கு மைக் வந்ததற்கு காரணம், கிரிக்கெட் என்றால் ஆச்சரியமாக இல்லையா?

1993-ம் ஆண்டு ஹீரோ கோப்பை கிரிக்கெட் போட்டி நடந்தது. அதை டெலிவிஷனில் காட்டும் உரிமை யாருக்கு என்பதில் பெங்கால் கிரிக்கெட் சங்கத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் தகராறு. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

1995-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந்தேதி தீர்ப்பு வந்தது. வான் அலைகள் பொதுமக்களின் சொத்து. அரசாங்கமோ, தனியாரோ அதை ஏகபோகமாக வைத்துக்கொள்ளக்கூடாது என்பதுதான் அந்த தீர்ப்பின் சாரம். அதுவரை ரேடியோ என்றால் ஆல் இந்தியா ரேடியோ என்றே பழகிப்போன நாட்டில் இது பெரிய திருப்பம்.

தீர்ப்பு வந்தது. ஆனால் மைக் உடனே கைக்கு வரவில்லை. தனியார் கம்பெனிகளுக்கு எப்.எம். ஏலம் விட்டார்கள். சாதாரண ஜனங்களுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. 2002-ம் ஆண்டு டிசம்பர் மாதம்தான் மத்திய அரசு ஒரு ஜன்னலை திறந்தது. பெயர் பெற்ற கல்வி நிலையங்கள் சொந்தமாக சிறிய ரேடியோ வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது.

முந்திக்கொண்டது சென்னை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கல்வி பல்லூடக ஆராய்ச்சி மையம் இந்த வேலையில் இறங்கியது. அதற்கு முன்னால் நின்றவர், பேராசிரியர் ஆர்.ஸ்ரீதர். 2004-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந்தேதி அப்போதைய துணை பிரதமர் எல்.கே.அத்வானி அண்ணா எப்.எம்.மை தொடங்கி வைத்தார். நிகழ்ச்சி தயாரிக்கும் வேலை ஊடக அறிவியல் படிக்கும் மாணவ-மாணவிகளிடம் வந்தது.

80 ஆண்டுக்கு முன்பே...

ஆசையும் உழைப்பும் மட்டும் கொண்டு ரேடியோ நடத்துவது சென்னைக்கு புதிது ஒன்றும் இல்லை.

ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே பிறக்காத காலம். 1924-ம் ஆண்டு மே 16-ந்தேதி சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவர் 'சென்னை மாகாண ரேடியோ கிளப்' என்று ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். அதே ஆண்டு ஜூலை 31-ந்தேதி ஒலிபரப்பு தொடங்கியது. கையில் இருந்தது 40 வாட் கருவி. மாலை நேரத்தில் பாட்டு, இடையிடையே சொற்பொழிவு. அவ்வளவுதான் நிகழ்ச்சி. கேட்டவர்கள் அசந்து போனார்கள்.

ஆனால் 3 ஆண்டில் மூச்சு முட்டியது. காரணம், பணம். 1927-ல் கிளப் மூடப்பட்டது. கருவி சென்னை மாநகராட்சி கைக்கு போனது. 1930-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி முதல் மாநகராட்சியே ரேடியோ நடத்தியது. பிறகு 1938-ம் ஆண்டு ஜூன் 16-ந்தேதி ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் வந்தது. நாட்டிலேயே முதல் எப்.எம். ஒலிபரப்பும் 1977-ம் ஆண்டு ஜூலை 23-ந்தேதி சென்னையில்தான் ஆரம்பமானது.

கிளப் தொடங்கிய 1924-க்கும் அண்ணா எப்.எம். தொடங்கிய 2004-க்கும் நடுவில் சரியாக 80 ஆண்டு. அன்று கிளப்பை சாய்த்த அதே பணக்கஷ்டம்தான் இன்றைக்கும் இந்த சிறு ரேடியோக்களின் தலைக்கு மேல் தொங்குகிறது.

குண்டு பல்பு அளவு சக்தி!

வேப்பம்பட்டில் ஏன் கேட்காது என்ற கேள்விக்கு வருவோம்.

இந்த ரேடியோக்களுக்கு வழக்கமாக கொடுக்கப்படும் கருவியின் சக்தி 50 வாட். முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு எரிந்த குண்டு பல்பு 60 வாட். அதைவிட குறைவு! ஆன்டெனா வழியாக வெளியே போகும்போதும் கணக்குப்படி பொதுவாக 100 வாட்டை தாண்டக்கூடாது. ஆன்டெனா உயரமும் 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது.

எப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். நடுவில் உயரமான கட்டிடம் வந்தால் தடுமாறும். அதனால் இந்த ரேடியோக்களின் எல்லை இடத்துக்கு தகுந்தபடி 5 முதல் 10 கிலோ மீட்டர். கிண்டிக்கும் வேப்பம்பட்டுக்கும் நேராக அளந்தாலே சுமார் 30 கிலோ மீட்டர். அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் எல்லாம் தாண்டி வரவேண்டும். அது நடக்கிற காரியமா?

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. எல்லை சின்னது என்பதால் ஒரே எண்ணை பல ஊருக்கு கொடுக்கலாம். ஒன்றோடு ஒன்று மோதாது. கிண்டியில் 90.4 என்றால் அண்ணா எப்.எம். காட்டாங்கொளத்தூர் பக்கம் அதே 90.4, எஸ்.ஆர்.எம். நடத்தும் 'முத்துச்சரம்'. திருச்சிக்கு போனால் ஹோலி கிராஸ் மகளிர் கல்லூரியின் ரேடியோ. அந்த கல்லூரி மாணவிகள் தர்மநாதபுரம், ஜீவா நகர் போன்ற குடிசைப்பகுதி பெண்களோடு சேர்ந்து நிகழ்ச்சி செய்தார்கள். சென்னை நுங்கம்பாக்கம் எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரி 2005-ல் தொடங்கியது 107.8-ல்.

2006-ம் ஆண்டு நவம்பரில் விதியை இன்னும் தளர்த்தினார்கள். லாப நோக்கம் இல்லாத சேவை அமைப்புகளும் ரேடியோ நடத்தலாம் என்று வந்தது. அப்படி ஒரு அமைப்பின் முதல் ரேடியோ, அன்றைய ஆந்திராவின் மேடக் மாவட்டத்தில் 2008-ம் ஆண்டு அக்டோபர் 15-ந்தேதி பேச ஆரம்பித்தது. அந்த 'சங்கம் ரேடியோ'வை நடத்தியவர்கள் தலித் விவசாய பெண்கள். அதற்கும் எண் 90.4 தான்!

எதை பேசலாம்? எதை பேசக்கூடாது?

மைக் கிடைத்துவிட்டது என்பதற்காக வாய்க்கு வந்ததை பேச முடியாது.

சொந்தமாக செய்தி சேகரித்து வாசிக்கக்கூடாது. அரசியல் கூடாது. நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்த பகுதி ஜனங்களை வைத்து அங்கேயே தயாரித்ததாக இருக்க வேண்டும். ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளின் பதிவை 3 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கேட்டால் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

அப்படியானால் எதைத்தான் பேசுவது? நிறைய இருக்கிறது. எந்த தெருவில் எப்போது கரண்ட் கட், தண்ணீர் எப்போது வரும், ரோட்டில் நெரிசல், மழை, தேர்வு முடிவு, கல்லூரியில் இடம் சேர விண்ணப்பம், வேலை வாய்ப்பு, கோவில் திருவிழா, விளையாட்டு போட்டி, காய்ச்சல் பரவினால் எச்சரிக்கை. இவை எல்லாம் செய்தி கணக்கில் வராது, தாராளமாக சொல்லலாம் என்று விதியிலேயே இருக்கிறது.

யோசித்து பார்த்தால், ஒரு சாதாரண குடும்பத்துக்கு தினமும் தேவைப்படுவது இதுதான். பெரிய ரேடியோ டெல்லியை சொல்லும், அமெரிக்காவை சொல்லும். நம்ம தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்ததை சொல்லாது.

அண்ணா எப்.எம்.மில் பெண்களுக்கான உடல்நலம், சத்துணவு, அறிவியல் பற்றிய நிகழ்ச்சிகள் முக்கிய இடம் பிடித்தன. அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே கேட்கலாம். புத்தகம் தேவை இல்லை. எழுத படிக்க தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

வெள்ளத்தில் கை கொடுத்தது

2015-ம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. கடலூர் மாவட்டம் தத்தளித்தது. கரண்ட் இல்லை. டெலிவிஷன் பெட்டி ஊமையானது. செல்போனுக்கு சார்ஜ் போட வழி இல்லை.

அந்த நேரத்தில் கடலூரில் 107.8-ல் 'பேரிடர் கால வானொலி' என்று ஒரு தற்காலிக ரேடியோ முளைத்தது. சமுதாய ரேடியோவில் கை பழகியவர்கள் உதவிக்கு நின்றார்கள். ரேடியோவுக்கு வேண்டியது 2 சின்ன பேட்டரி. நிவாரணம், மருத்துவம், எச்சரிக்கை எல்லாம் காதுக்கு வந்தது.

ஆபத்து வந்த பிறகு மைக் பிடிக்க கற்றுக்கொள்ள முடியாது. முன்கூட்டியே பழகிய ஆள் ஊரில் இருக்க வேண்டும். சிறு ரேடியோக்களின் உண்மையான பலன் அங்கேதான் தெரிகிறது.

காசுக்கு எங்கே போவது?

கருவி வாங்கியாகிவிட்டது. கரண்ட் பில் யார் கட்டுவது? ரிப்பேர் செலவு யார் தலையில்?

2012-ம் ஆண்டு ஒரு சோதனை வந்தது. அலைவரிசைக்கு ஆண்டு கட்டணம் 19 ஆயிரத்து 700 ரூபாயாக இருந்ததை திடீரென்று 91 ஆயிரம் ரூபாய் ஆக்கினார்கள். சின்ன ரேடியோக்கள் அலறின. நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் உயர்வை அரசு திரும்ப பெற்றது.

20-வது ஆண்டு நிறைவை ஒட்டி, 2024-ம் ஆண்டு பிப்ரவரி 13, 14-ந்தேதிகளில் தென்மாநில சமுதாய ரேடியோக்களின் மாநாடு அண்ணா பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. அப்போதைய தகவல் ஒலிபரப்பு துறை மந்திரி அனுராக் தாக்கூர் புதிய விதிகளை வெளியிட்டார். விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்தில் இருந்து 12 நிமிடமாக கூடியது. 10 வினாடி விளம்பரத்துக்கு 52 ரூபாய் என்று இருந்தது 74 ரூபாய் ஆனது. முதல் அனுமதியே 10 ஆண்டுக்கு என்று மாறியது. ஆலோசனை குழுவில் பாதி பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் வந்தது.

கணக்கு போட்டு பாருங்கள். 12 நிமிடமும் விளம்பரம் நிரம்பினால் ஒரு மணி நேரத்துக்கு 5 ஆயிரத்து 328 ரூபாய். ஆனால் நிரம்பினால்தானே! மளிகைக்கடை அண்ணாச்சி நம்ம தெரு ரேடியோவில் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்றால், அவர் கடைக்கு வருகிறவர்கள் அதை கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்றால் நிகழ்ச்சி நன்றாக இருக்க வேண்டும். நிகழ்ச்சி நன்றாக இருக்க காசு வேண்டும். சுற்றி சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது.

பிள்ளைகள் போய்விடுகிறார்களே!

காசை விட பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அது ஆள்.

கல்லூரி ரேடியோவில் மைக் முன்னால் உட்காரும் மாணவர்களுக்கு பொதுவாக சம்பளம் கிடையாது. படிப்போடு படிப்பாக செய்கிறார்கள். முதல் ஆண்டு வரும்போது மைக்கை கண்டால் கை நடுங்கும். பதிவு செய்வது, வெட்டி ஒட்டுவது, தெருவில் இறங்கி ஜனங்களிடம் பேச்சு கொடுப்பது எல்லாம் கற்று தேறுவதற்குள் கடைசி தேர்வு வந்துவிடும். பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மறுபடியும் புது பிள்ளைகள். மறுபடியும் அ, ஆ, இ!

இதில் லாபமும் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு புது குரல் வருகிறது. நஷ்டமும் இருக்கிறது. பொறுப்பாக பார்த்துக்கொள்ள ஒரு ஆசிரியர் இல்லாவிட்டால் பழகிய வித்தை பிள்ளைகளோடேயே வெளியே போய்விடும். கருவி இருக்கும், அறை இருக்கும், பேச ஆள் இருக்காது. அக்கம்பக்கத்து பெண்களை உள்ளே கொண்டுவந்து பழக்கிய ரேடியோக்கள் இந்த இடத்தில் தப்பிக்கின்றன. ஏனென்றால் அவர்களுக்கு பட்டமளிப்பு விழா கிடையாது. அங்கேயே குடியிருக்கிறார்கள்.

நம்ம ஊருக்கு வேண்டுமா?

2024 பிப்ரவரி கணக்குப்படி நாட்டில் 481 சமுதாய ரேடியோக்கள். அதில் 133-க்கு மேல், அதற்கு முந்தைய 2 ஆண்டுகளில் வந்தவை.

வேப்பம்பட்டு சுற்று வட்டாரத்தில் என்ஜினீயரிங் கல்லூரி உண்டு. காக்களூர் தொழிற்பேட்டைக்கு போகும் தொழிலாளர்கள் உண்டு. அந்த பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை மாவட்டம் முழுக்க வேலைக்காரர்கள்தான். ஷிப்டு நேரம், ரெயில் நேரம், வேலைக்கு ஆள் எடுப்பு, ஏரி நிரம்பும் மழைக்கால எச்சரிக்கை என்று பேச விஷயத்துக்கா பஞ்சம்?

தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது. அரசியல் கட்சிக்கும், லாபத்துக்கு நடத்தும் கம்பெனிக்கும் இடம் இல்லை. அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையம், அல்லது பதிவாகி 3 ஆண்டாவது ஆன சேவை அமைப்பு கேட்கலாம். மத்திய அரசின் 'பிராட்காஸ்ட் சேவா' இணையதளத்தில் மனு போட வேண்டும். சம்மத கடிதம் வந்தால் அது ஒரு ஆண்டுக்கு செல்லும்.

கடிதத்தை வாங்கிவிடலாம். ஆன்டெனாவையும் நட்டுவிடலாம். முதல் நாள் மேடை போட்டு மாலையும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு, அதற்கு அடுத்த ஆண்டு அந்த மைக் முன்னால் வந்து உட்காரப்போவது யார் என்பதை மனு போடும் முன்பே ஊரும் கல்லூரியும் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. 1927-ல் கிளப் மூடியபோது, கருவியை எடுத்துக்கொள்ள மாநகராட்சி இருந்தது. எல்லா ஊருக்கும் அப்படி ஒரு யோகம் வாய்க்காது.