சோளத்தின் வறட்சித் தாங்குதிறன் மரபியல்

சோளத்தின் வறட்சித் தாங்குதிறன் என்பது மண்ணில் ஈரம் குறைந்த நிலையிலும் சோளப்பயிர் பிழைத்து, கதிர் வாங்கி, மணி முற்றுவதற்கு உதவும் மரபுவழிப் பண்புகளின் தொகுப்பாகும். இதை ஒரே மரபணு தீர்மானிப்பதில்லை. வேரின் ஆழம், இலையின் பரப்பு, தூர்களின் எண்ணிக்கை, பூக்கும் நாள், மெழுகுப் பூச்சு ஆகியவற்றை ஆளும் பல மரபணுக்கள் இதில் பங்கு பெறுகின்றன. வறட்சி பயிரின் எந்தப் பருவத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து, ஒரே மரபணு ஓரிடத்தில் நன்மையும் வேறோரிடத்தில் இழப்பும் தரக்கூடும். பாசனமும் மானாவாரியும் அருகருகே உள்ள தேனி மாவட்டத்தைக் கொண்டு இதை எளிதாக விளங்கிக்கொள்ளலாம்.

தேனியின் இரு நிலங்கள்

1895-ல் முல்லைப் பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்தபின், மேற்கே ஓடிய நீர் மலைச் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பப்பட்டது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடிப் பரப்பாகக் கணக்கிடப்படுகிறது. அங்கே பயிரின் தலைவிதி அணையின் நீர்மட்டத்தோடு கட்டுண்டது.

சில மைல் கிழக்கே, ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வட்டாரத்து மேட்டு நிலங்களுக்கு அந்த நீர் எட்டுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கு அதிகம் பெய்வதில்லை. வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. தென் மாவட்டங்களின் மானாவாரி வழக்கப்படி புரட்டாசிப் பட்டத்தில் சோளம் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் மழை கிடைக்கும். மார்கழியில் மழை ஓய்ந்துவிடும். கதிர் பால் பிடித்து மணி முற்றும் நாட்களில் பயிருக்கு மிஞ்சுவது மண்ணுக்குள் தங்கிய ஈரம் மட்டுமே. இதைக் கடைப்பருவ வறட்சி என்பர்.

பூக்குமுன் வறட்சி, பூத்தபின் வறட்சி

சோள ஆய்வாளர்கள் வறட்சியை இரண்டாகப் பிரிக்கின்றனர். பூக்குமுன் ஈரம் குறைந்தால் இலை சுருண்டு, பூப்பது தள்ளிப்போய், கதிர் சிறுத்துவிடும். பூத்தபின் குறைந்தால் அடியிலைகள் காலத்துக்கு முன்பே காய்ந்து, மணி சூம்பி, தண்டு வலுவிழந்து சாயும். கரி அழுகல் நோயும் அப்போதுதான் தண்டுக்குள் பரவும்.

இவ்விரண்டையும் தாங்கும் திறன்கள் வெவ்வேறு மரபணுக்களைச் சார்ந்தவை. அமெரிக்க ஆய்வுகளில் பெரிதும் பயன்பட்ட இரண்டு சோள வகைகள் இதற்குச் சான்று. டிஎக்ஸ் 7000 என்பது பூக்குமுன் வறட்சியைத் தாங்கும். பூத்தபின் வந்தால் விரைவில் காய்ந்துவிடும். எத்தியோப்பிய நாட்டுச் சோளத்திலிருந்து உருவான பி 35 இதற்கு நேர்மாறானது. ஆகவே ‘வறட்சி தாங்கும் ரகம்’ என்ற பெயரை மட்டும் வைத்து ஒரு விதையை மதிப்பிட முடியாது. எந்த வறட்சிக்கு என்று கேட்டாக வேண்டும்.

பசுமை நீடிப்பு

மணி முற்றும் காலத்திலும் இலைகள் காயாமல் பச்சையாக நிற்கும் பண்பு பசுமை நீடிப்பு எனப்படும். பி 35, டிஎக்ஸ் 7000 ஆகியவற்றைக் கலந்து பெற்ற வழித்தோன்றல்களை ஆராய்ந்தபோது, இப்பண்போடு தொடர்புடைய நான்கு முக்கிய மரபிடங்கள் 2000-ஆம் ஆண்டையொட்டி அடையாளம் காணப்பட்டன. எஸ்டிஜி 1, எஸ்டிஜி 2 ஆகியவை மூன்றாம் குரோமோசோமிலும், எஸ்டிஜி 3 இரண்டாம் குரோமோசோமிலும், எஸ்டிஜி 4 ஐந்தாம் குரோமோசோமிலும் உள்ளன.

இலை ஏன் பச்சையாகவே நிற்கிறது என்பதற்கான விடை பிறகுதான் தெளிந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, இந்த மரபிடங்கள் பயிரின் உருவத்தையே மாற்றுகின்றன. பக்கத்தூர்கள் குறைகின்றன, மேல் இலைகள் சிறுக்கின்றன. இலைப்பரப்பு குறைந்தால் பூக்குமுன் ஆவியாகும் நீரும் குறையும். மிச்சமான நீர் மண்ணிலேயே இருந்து, பூத்தபின் வேருக்குக் கிடைக்கும். பசுமை நீடிப்பு என்பது முன்பருவத்தில் செய்த சிக்கனத்தின் பின்விளைவு எனலாம். அறுவடை வரை குதிரில் தானியம் இருக்குமாறு ஐப்பசியிலேயே அளந்து செலவழிக்கும் குடும்பத்தைப் போன்றது அந்தப் பயிர்.

ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் இந்த மரபிடங்களைக் குறிப்பான் வழித் தேர்வின் மூலம் வேறு சோள வகைகளுக்குள் கொண்டுசென்றது. வயலில் ஒவ்வொரு செடியும் காய்கிறதா என்று காத்திருக்காமல், நாற்றின் இலைத்துண்டிலிருந்து மரபுப்பொருளைப் பிரித்து, வேண்டிய மரபிடம் உள்ளதா என்று பார்க்கும் முறை இது. ஒரே மரபிடம், அது சேர்க்கப்பட்ட வகையைப் பொறுத்து வெவ்வேறு விளைவைக் காட்டியது. ஒன்றில் வேர் கூடுதல் நீரை எடுத்தது. மற்றொன்றில் அவ்வளவு வேறுபாடு இல்லை. மரபிடத்தைப் பெயர்த்து நட்டாலே போதும் என்ற எதிர்பார்ப்பு இதனால் அடங்கியது.

தட்டையின் கணக்கு

நீரைச் சேமிக்கும் உத்திக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது மண். ஆழமான கரிசலில் சேமித்த நீர் வாரக்கணக்கில் தங்கும். ஆழம் குறைந்த செம்மண்ணில் அது வேருக்குக் கீழே வடிந்தோ மேற்பரப்பில் ஆவியாகியோ போய்விடும். அத்தகைய நிலத்தில் சிக்கனமாக வளர்ந்த செடிக்கு, சேமித்தது கைக்கு வராது. மழை மிகுந்த ஆண்டிலும் அவ்வாறே. பெரிய இலையும் நிறைய தூரும் கொண்ட செடி முந்திவிடும்.

இரண்டாவது நிபந்தனை கால்நடை. மானாவாரிச் சம்சாரிக்குச் சோளத்தின் பாதி மதிப்பு தட்டையில்தான் இருக்கிறது. தானியம் பொய்த்த ஆண்டில் தட்டை மட்டுமாவது மாட்டுக்கு மிஞ்சும். தூர் குறைந்தால் தட்டையின் எடை குறையும். ஆனால் பசுமை நீடித்த தட்டையில் தழைச்சத்தும் செரிமானத் தன்மையும் கூடுதலாக இருப்பதும் ஆய்வுகளில் தெரிந்துள்ளது. எடைக்குறைவைத் தரம் எந்த அளவு ஈடுசெய்யும் என்பது வீட்டில் நிற்கும் மாடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மணி விளைச்சலை மட்டும் அளக்கும் சோதனைத் திடல்களில் இந்தக் கணக்கு பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

1901-ல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் தென் மாவட்ட மானாவாரிக்கான ‘கே’ வரிசைச் சோள ரகங்களை வெளியிட்டுவருகிறது. 2015-ல் வந்த கே 12 அவற்றில் ஒன்று. அந்நிலையம் அமைந்திருப்பது கரிசல் பூமியில். ஆண்டிபட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டில் ஒரு ரகம் எப்படி நிற்கும் என்பதை அங்கேயே விதைத்துப் பார்த்தால்தான் அறியலாம்.

பூக்கும் நாளும் வெண்பூச்சும்

வறட்சியைத் தாங்குவது ஒரு வழி, தப்பிப்பது மற்றொரு வழி. சோளத்தின் பூக்கும் காலத்தை ஆளும் ‘எம்ஏ’ மரபணுக்கள் பகலின் நீளத்தை உணர்கின்றன. பகலுணர்வு மிகுந்த நாட்டுச் சோளங்கள் விதைப்பு சில வாரங்கள் தள்ளிப்போனாலும் ஏறத்தாழ அதே பருவத்தில் பூத்துவிடும். மழை ஓயும் காலத்தோடு அவை ஒத்துப்போவது இதனால்தான். பகலுணர்வு நீக்கப்பட்ட குறுகிய கால ரகங்களை எப்போதும் விதைக்கலாம். எனினும், தாமதமாக விதைத்தால் அவை தாமதமாகவே பூக்கும்.

சோளத்தின் தண்டிலும் இலையுறையிலும் படியும் வெண்ணிற மெழுகுப் பூச்சு நீரிழப்பைத் தடுக்கிறது. இப்பூச்சு மரபுவழியாக எவ்வாறு வருகிறது என்பதை 1930-களிலேயே கோயம்புத்தூரில் சிறுதானிய வல்லுநர் ஜி. என். ரங்கசாமி அய்யங்காரும் அவர் குழுவினரும் கலப்புச் சோதனைகளால் ஆராய்ந்தனர். குறிப்பான்கள் இல்லாத காலம் அது. செடிகளை எண்ணியே விகிதத்தைக் கண்டறிந்தனர்.

கோதுமையோடு ஒப்பீடு

வறட்சி மரபியலில் உலகளவில் மிகுதியாகப் பேசப்படும் பயிர்களுள் ஒன்று கோதுமை. சாதாரண ரொட்டிக் கோதுமையில் மூன்று மூதாதைப் புற்களின் மரபுத்தொகுதிகள் சேர்ந்து 42 குரோமோசோம்கள் உள்ளன. மரபுத்தொகுதியின் அளவு சுமார் 1,600 கோடி இணை எழுத்துகள். சோளத்தில் 20 குரோமோசோம்கள், சுமார் 73 கோடி எழுத்துகள் மட்டுமே. சோளத்தின் மரபுத்தொகுதி 2009-லேயே வெளியாக, கோதுமையின் முழுமையான வரிசை 2018 வரை காத்திருந்தது. கோதுமையில் ஒரு மரபணுவுக்கு மூன்று படிகள் இருக்கக்கூடும் என்பதால் ஒன்றை மாற்றினாலும் மற்றவை அந்த விளைவை மறைத்துவிடலாம். சூரியகாந்தி மரபணு ஒன்றைச் சேர்த்து உருவாக்கிய எச்பி 4 கோதுமைக்கு அர்ஜென்டினா 2020-ல் ஒப்புதல் அளித்தது.

துரின் நச்சு

வறட்சியோடு பிணைந்த மற்றொரு பண்பு துரின் என்ற வேதிப்பொருள். இளஞ்சோளத்தின் இலையில் இது மிகுதி. இலையை மாடு மென்றதும் துரின் சிதைந்து ஐதரசன் சயனைடு வெளிப்படும். மழையின்றி வாடிய இளம்பயிரையும், அறுத்தபின் கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பையும் மேய்ந்த மாடுகள் சிறிது நேரத்திலேயே மூச்சுத் திணறி இறப்பது இதனால்தான். பசுமை நீடிக்கும் வகைகளின் இலையில் துரின் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. வறட்சிக் காலத்தில் தழைச்சத்தைச் சேமித்து வைக்கும் இருப்பாக அது பயன்படுவதாகக் கருதப்படுகிறது. துரின் உருவாக்கத்தின் முதல் படியை நடத்தும் மரபணுவில் மாற்றம் உண்டாக்கி, நஞ்சற்ற சோளச் செடிகளையும் ஆய்வாளர்கள் பெற்றுள்ளனர். பயிர் முதிர முதிர இலையில் துரின் குறையும். ஆகவே பூத்தபின் அறுத்து, நன்கு உலர்த்திய தட்டையையே மாட்டுக்குப் போடுவர். வாடிய இளஞ்சோளத்தில் மாடு வாய் வைத்துவிட்டால் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். சோடியம் தயோசல்பேட் ஊசி உரிய நேரத்தில் கிடைத்தால் மாட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு.