சிவப்பா, நிறமற்றதா? கிருமியை அடையாளம் காட்டும் தட்டு

ஒரு கிராம் மலத்தில் ஏறத்தாழ 10,000 கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை நம் குடலிலேயே குடியிருப்பவை, தீங்கற்றவை. இந்தக் கூட்டத்துக்குள் டைபாய்டு கிருமி கொஞ்சம் ஒளிந்திருந்தால் எப்படிப் பிடிப்பது? மைக்ராஸ்கோப் இங்கே கைகொடுக்காது. டைபாய்டு கிருமியும், எல்லார் குடலிலும் இருக்கும் ஈ.கோலையும் கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தால் ஒரே மாதிரி சிவந்த சிறு குச்சிகளாகத்தான் தெரியும். உருவத்தை வைத்துப் பிரிக்க முடியாததால் நுண்ணுயிரியலாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். ஒரு கிருமி எதைத் தாங்குகிறது, எதைத் தின்கிறது என்று சோதித்தார்கள்.

அதற்கு முதலில் கிருமிகள் தனித்தனிப் புள்ளிகளாக வளர ஓர் உறுதியான பரப்பு வேண்டும். பெர்லினில் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் 1881இல் ஜெலட்டினைப் பயன்படுத்தினார். கோடைக்கே உருகிவிடும் அது, உடல் வெப்பமான 37 டிகிரியில் நிற்குமா? போதாக்குறைக்குச் சில பாக்டீரியாக்கள் ஜெலட்டினையே கரைத்துத் தின்றுவிடும். தீர்வு சமையலறையிலிருந்து வந்தது. கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தான் ஜெல்லி செய்யப் பயன்படுத்தி வந்த அகர்-அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பியவர்கள் மூலம் அவருக்குத் தெரியவந்த பொருள் அது. நம் வீடுகளில் நோன்பு நாட்களில் காய்ச்சும் கடல்பாசியும் அதுதான். கொதிக்கும் சூட்டுக்கு அருகில்தான் உருகும். 37 டிகிரியில் கெட்டியாகவே இருக்கும். 1882இல் காசநோய்க் கிருமி பற்றி எழுதிய கோக் அகரைக் குறிப்பிட்டார், ஃபேனியைக் குறிப்பிடவில்லை. இன்று உலகின் எல்லா மருத்துவ ஆய்வகங்களும் ஃபேனி சொன்ன பொருளின் மேல்தான் கிருமி வளர்க்கின்றன. மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் மூழ்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கப்படுகிறது.

அடுத்த பாய்ச்சல் லிவர்பூலில் நிகழ்ந்தது. ஆல்ஃப்ரெட் மெக்கான்கி, கழிவுநீர் பற்றிய பிரிட்டிஷ் அரச ஆணையத்துக்காகவும் ஆய்வு செய்தவர். குடிநீரில் மலம் கலந்திருக்கிறதா என்பதைக் கண்டறிவது அன்றைய பெரிய கவலை. குடலில் வாழும் கிருமிக்குப் பித்தம் பழகிப்போன ஒன்று. வெளியில் வாழும் பல கிருமிகளுக்கோ அது விஷம். எனவே 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிருமி வளர்க்கும் ஊடகத்தில் பித்த உப்பைச் சேர்த்தார். வேண்டாதவை அங்கேயே அடங்கிப்போயின. கூடவே பால் சர்க்கரையான லாக்டோஸையும் வைத்தார். ஈ.கோலை லாக்டோஸைப் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்கும், டைபாய்டு கிருமியால் அது முடியாது. அமிலம் வந்ததா என்று காட்ட ஒரு சாயம் போதும். பிற்காலத்தில் நியூட்ரல் ரெட் சாயமும் கிரிஸ்டல் வயலெட்டும் சேர்ந்து, இன்று எல்லா லேப்களிலும் உள்ள மெக்கான்கி அகர் உருவானது. வடிகட்டுவது ஒன்று, வேறுபடுத்திக் காட்டுவது இன்னொன்று. இரண்டு வேலைகளையும் ஒரே தட்டு செய்கிறது.

மல மாதிரியைக் கம்பி லூப்பால் கோடு கோடாக இழுத்து, ஓர் இரவு இன்குபேட்டரில் வைத்த பிளேட்டைக் காலையில் எடுத்துப் பார்த்தால் முதல் கோட்டில் எல்லாம் ஒட்டிக்கொண்டு சிவப்புப் பட்டையாக இருக்கும். லூப்பைச் சூடாக்கி ஆறவைத்து அடுத்தடுத்து இழுத்த கோடுகளில் கூட்டம் மெலிந்துகொண்டே போகும். கடைசிக் கோட்டில் காலனிகள் குண்டூசித் தலை அளவில் தனித்தனியே உட்கார்ந்திருக்கும். ஈ.கோலை அடர்ந்த சிவப்பாக, சுற்றிலும் மங்கலான சிவப்பு வளையத்தோடு தெரியும். அமிலத்தில் பித்த உப்பு படிவதால் வரும் வளையம் அது. கிளெப்சியெல்லா சளிபோல் வழுவழுப்பாகப் படர்ந்திருக்கும். இவற்றுக்கு நடுவே நிறமே இல்லாத, பிளேட்டைச் சாய்த்தால்தான் கண்ணில் படும் ஒரு காலனி இருந்தால் டெக்னீஷியனின் கை அங்கேதான் போகும்.

ஆனால் நிறமற்ற காலனி என்றாலே டைபாய்டு என்று முடிவுகட்ட முடியாது. புரோட்டியஸும் சூடோமோனாஸும்கூட அப்படித்தான் வளரும். தட்டு தருவது துப்பு மட்டுமே. அதன்பிறகு உயிர்வேதியியல் சோதனைகளும், குறிப்பிட்ட கிருமியை மட்டும் திரளவைக்கும் ஆன்டிசீரமும் பேச வேண்டும். சிவப்பும் சில சமயம் ஏமாற்றும். 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர் மூலம் பரவி நான்கு குழந்தைகளைக் கொன்ற ஈ.கோலை ஓ157, வழக்கமான மெக்கான்கி தட்டில் சாது ஈ.கோலையைப் போலவேதான் சிவந்து வளரும். அதைப் பிரித்தறிய லாக்டோஸை எடுத்துவிட்டு சார்பிட்டாலை வைக்கிறார்கள். சாதாரண ஈ.கோலை அதைப் புளிக்கவைத்துச் சிவக்கும், ஓ157 பெரும்பாலும் நிறமற்றே நிற்கும். சர்க்கரை ஒன்றை மாற்றியதும் கேள்வியே மாறிவிடுகிறது. ஏழரை சதவீத உப்பைப் போட்டால் ஸ்டெஃபைலோகாக்கஸ் தவிர மற்றவை பெரும்பாலும் அடங்கிவிடுவதும் இதே கணக்குதான்.

காலராவுக்கான தட்டு கரும்பச்சை நிறம். 1963இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கிய டிசிபிஎஸ் அகர் அது. மற்ற குடல் கிருமிகள் திணறும் காரத்தன்மை, பி.எச். 8.6. உள்ளே இருப்பது சுக்ரோஸ், அதாவது நாம் தேநீரில் போடும் சர்க்கரை. காலராக் கிருமி அதைப் புளிக்கவைத்து மஞ்சள் காலனியாகும். கடல் மீன் மூலம் பேதி உண்டாக்கும் அதன் உறவுக்காரக் கிருமி பச்சையாகவே இருக்கும்.

இந்த மஞ்சள் காலனிதான் 1992இல் சென்னையில் ஒரு புதிர் போட்டது. நோயாளிகளுக்குக் காலராவின் எல்லா அறிகுறிகளும் இருந்தன, தட்டிலும் மஞ்சள் காலனிகள் வந்தன. ஆனால் காலராவை உறுதிசெய்யும், ஓ1 வகைக்கான ஆன்டிசீரத்தில் கிருமி திரளவில்லை. ஓ1 அல்லாத வகைகள் பெரிய கொள்ளைநோயை உண்டாக்காது என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்கள். அறியப்பட்டிருந்த 138 வகைகளில் எதோடும் பொருந்தாத அது, 139ஆவது வகையானது. அடுத்த சில மாதங்களில் வங்கதேசம் வரை பரவிப் பல்லாயிரம் பேரைத் தாக்கியது. சீரத்தில் திரளவில்லை என்பதற்காக மஞ்சள் காலனிகளைக் குப்பையில் போட்டிருந்தால் இது இன்னும் தாமதமாகவே தெரியவந்திருக்கும். தட்டு காட்டியதையும் சீரம் மறுத்ததையும் சேர்த்து யோசித்தவர்களால்தான் புதிய வகை பிடிபட்டது.

மரபணுவை வைத்துக் கிருமியைக் கண்டறியும் பிசிஆர் வந்த பிறகும் இந்தத் தட்டுகளுக்கு வேலை குறையவில்லை. எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று நேரடியாகச் சோதிக்க உயிருள்ள கிருமி வேண்டும். முன்பு டைபாய்டுக்குத் தயங்காமல் எழுதப்பட்ட சிப்ரோஃப்ளாக்சசின் இன்று இந்தியாவில் சரியாக வேலை செய்வதில்லை என்பது தெரிந்ததும் கல்ச்சர் போட்டு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்ததால்தான். அப்படியிருந்தும் காய்ச்சல் வந்தால் நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பது, விடால் என்ற ஒரேயொரு ரத்த டெஸ்ட் எடுத்துவிட்டு மாத்திரையைத் தொடங்குவதுதான். 1896இல் அறிமுகமான அந்தச் சோதனை, முன்பு வந்துபோன தொற்றையும் இப்போதைய தொற்றையும் குழப்பிக் காட்டும். ஒரு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டாலோ, ரத்த கல்ச்சரில் கிருமி வளரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும் என்பது உண்மையே. அதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கல்ச்சருக்கு ரத்தம் கொடுத்துவிட்டு முதல் மாத்திரையைப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டால் போதும்.